பழைய போர்ட்டுக்கு ஒரு மணி நேரம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய ஒயின்களைத் திறந்து பரிமாறுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். கோப்பையின் வடிவம், பரிமாறும் வெப்பநிலை, வண்டலைப் பிரிக்க வேண்டிய தேவை ஆகியவற்றில் கட்டுரையாளரோடு எங்களுக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய விண்டேஜ் போர்ட்டை (ஒரே ஆண்டின் அறுவடையிலிருந்து செய்து, புட்டியிலேயே முதிரவிடும் போர்ச்சுகலின் இனிப்பு ஒயினை) ஒரு மணி நேரத்துக்குள் குடித்து முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் டிகாண்டரில், அதாவது ஒயினை ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவையில், வைத்தால் மணமெல்லாம் போய்விடும் என்று பொதுவிதியாகச் சொல்லியிருப்பது தவறு. அதை நம்பி 1963, 1966, 1970 ஆகிய ஆண்டுகளின் புட்டிகளைத் திறப்பவர்கள், ஒயின் தன் நல்ல நிலைக்கு வரும் முன்பே அதை முடித்துவிடுவார்கள். உலகில் இந்தப் புட்டிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகின்றன. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

அந்த ஒரு மணி நேரக் கணக்கு போர்ட்டுக்காகச் சொல்லப்பட்டதே இல்லை. பிரான்சின் பொர்தோ வட்டாரத்துச் சிவப்பு ஒயினுக்குச் சொன்னதைப் பலரும் போர்ட்டுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். பொர்தோவில் ஒயின் இயல் ஆசிரியராக இருந்த எமில் பெய்னோ, வண்டல் உள்ள ஒயினை மட்டுமே டிகாண்டரில் ஊற்ற வேண்டும், அதையும் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் செய்ய வேண்டும் என்று கற்பித்தார். 12, 13 சதவீத ஆல்கஹால் உள்ள, இனிப்பே இல்லாத, முதுமையில் மெலிந்துபோன ஒயினுக்கு அது நல்ல அறிவுரை. போர்ட்டின் உடல்வாகு வேறு.

போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் திராட்சையைக் கருங்கல் தொட்டிகளில் போட்டு மிதித்து, இரண்டு மூன்று நாளில் நொதித்தலைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவதற்கு 77 சதவீத வலுவுள்ள திராட்சைச் சாராயத்தைச் சேர்க்கிறார்கள். 550 லிட்டர் பீப்பாய்க்குச் சாறு சுமார் 435 லிட்டர், சாராயம் சுமார் 115 லிட்டர் என்பது பழைய கணக்கு. விளைவாக ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது, நொதிக்காமல் மிஞ்சிய சர்க்கரை லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம் இருக்கிறது. குறுகிய நேரத்தில் சாயத்தையும் துவர்ப்பையும் எடுத்துவிட வேண்டும் என்பதால் மிதிப்பு கடுமையாக நடக்கும். அதனால் விண்டேஜ் போர்ட் பிறக்கும்போதே துவர்ப்புச் சத்து நிறைந்ததாகப் பிறக்கிறது. அந்தத் துவர்ப்புச் சத்துதான் ஆக்சிஜனைத் தாங்கிக்கொள்ளும் கவசம். 20 சதவீத ஆல்கஹாலில் புளிக்கவைக்கும் பாக்டீரியா வளர்வதில்லை. எனவே பொர்தோ ஒயினுக்கு ஒரு மணி நேரம் என்றால், நல்ல ஆண்டின் போர்ட்டுக்கு அதன் பல மடங்கு அவகாசம் உண்டு.

இந்த ஒயின் அறுவடைக்குப் பின் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் வடிகட்டாமலே புட்டியில் அடைக்கப்படுகிறது. பிறகு பல பத்தாண்டுகள் தக்கைக்குள் அடைந்து கிடக்கிறது. ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாத அந்தச் சூழலில் கந்தகம் கலந்த நாற்றப் பொருள்கள் சேர்ந்துவிடும். திறந்தவுடன் அடிக்கும் அடைந்த வாடை அதுதான். அவற்றில் ஹைட்ரஜன் சல்பைடின் கொதிநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 60 டிகிரி செல்சியஸ். மீத்தேன்தயால் 6 டிகிரியில் கொதிக்கும். இவை டிகாண்டரின் அகன்ற பரப்பிலிருந்து எளிதில் பறந்துவிடும். சாராயத்தோடு வந்து சேர்ந்த அசெட்டால்டிஹைடு 20 டிகிரியில் கொதிப்பது. அதில் ஒரு பகுதி ஒயினின் பிற பொருள்களோடு பிணைந்திருக்கும், கட்டற்ற பகுதி மெல்லக் கழன்று போகும். மூக்கைக் குத்தும் சாராய நெடி அடங்குவதற்குப் பெரும் காரணம் இதுதான். ஆல்கஹாலின் அளவு சில மணி நேரத்தில் குறிப்பிடும்படி குறையாது, சர்க்கரையும் கூடாது. ஆனாலும் ஐந்தாவது மணி நேரத்தில் அதே ஒயின் அதிக இனிப்பாகத் தெரியும். காரம் ஒதுங்கியதால் இனிப்பு முன்னால் வருகிறது, அவ்வளவுதான்.

ஆக, முதல் சில மணி நேரத்தில் நாம் உணரும் மாற்றத்தில் பெரும்பகுதி ஒயினை விட்டு வெளியேறுவதன் விளைவு. உள்ளே நுழையும் ஆக்சிஜனின் வேலை அதைவிட மெதுவானது. அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் ஒயினில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். அதைத் துவர்ப்புச் சத்து உள்வாங்கிக்கொள்ள மணிக்கணக்கு, சில வேளை நாள்கணக்கு ஆகும். அந்த வினையில் சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகி, அது ஆல்கஹாலைத் திரும்ப அசெட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அடிபட்ட ஆப்பிள் வாசனை வரத் தொடங்குவது அப்போதுதான். திடமான 1970களின் ஒயினில் இதற்கு ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். மிக முதிர்ந்த ஒயினில் அவகாசம் குறைவு. துவர்ப்புச் சத்தும் சாயமும் ஒன்றோடொன்று பிணைந்து, பெருத்து, கரைய முடியாமல் அடியில் படிந்ததுதான் வண்டல். புட்டியின் அடியில் வண்டல் ஏற ஏற, மேலே உள்ள ஒயினின் கவசம் மெலிகிறது. முதுமைக்கும் காற்றுக்கும் உள்ள கணக்கு இவ்வளவே. இதைப் புரிந்துகொண்டால் எந்தப் புட்டிக்கு எவ்வளவு நேரம் என்பதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

கட்டுரையாளரைப் போன்றவர்கள் ஏமாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிகாண்டரில் ஊற்றிய பத்து, பதினைந்து நிமிடத்தில் பழைய போர்ட் ஒரு முறை மலர்ந்து காட்டும். பிறகு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் ஒரு மந்தநிலை வரும். மணம் சுருங்கும், நாவில் நடுப்பகுதி காலியாக இருக்கும், சாராயம் தனித்துத் தெரியும். அந்த நேரத்தில் கோப்பையை மோந்தவர், ஒயின் முடிந்துவிட்டது என்று எண்ணுவது இயல்பு. பொறுத்திருந்தால் மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் அது மீண்டு வரும். உலர்ந்த அத்திப்பழம், ஆரஞ்சுத் தோல், கருப்பட்டிப் பாகை ஒத்த ஆழ்ந்த இனிப்பு, தேவதாரு மரத்தின் மணம் எல்லாம் ஒன்றுசேர்ந்து, விழுங்கிய பிறகும் நெடுநேரம் வாயில் நிற்கும். ஒரு மணி நேர விதிப்படி நடந்தால், புட்டியின் பெரும்பகுதியை அந்த மந்தநிலையிலேயே குடித்துத் தீர்ப்போம்.

தக்கையை மட்டும் எடுத்துவிட்டுப் புட்டியை அப்படியே வைப்பதால் இந்தப் பயன் கிடைக்காது. புட்டிக் கழுத்தின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர், காற்றைத் தொடும் பரப்பு மூன்று சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. அதே 750 மில்லிலிட்டரை 20 சென்டிமீட்டர் அடிவிட்டம் உள்ள அகன்ற டிகாண்டரில் ஊற்றினால் பரப்பு 300 சதுர சென்டிமீட்டரைத் தாண்டும், ஆழம் இரண்டரை சென்டிமீட்டர்கூட இருக்காது. நூறு மடங்கு வித்தியாசம். இதனால் டிகாண்டரின் வடிவத்தைச் சொல்லாமல் நேரத்தை மட்டும் சொல்வதில் பொருள் இல்லை. கப்பல்களில் கவிழாமல் நிற்பதற்காகச் செய்த தட்டையான அகல அடி டிகாண்டரில் நான்கு மணி நேரம் வைப்பதும், புட்டியைப் போலவே ஒடுங்கிய டிகாண்டரில் ஏழு, எட்டு மணி நேரம் வைப்பதும் ஏறத்தாழ ஒரே பலனைத் தரும். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட புட்டிகளுக்கு நாங்கள் நடுத்தர அகலம் உள்ளதையே எடுப்போம். அவசரப்படுத்தாமல் இருந்தால், தவறு நேர்ந்தாலும் கவனித்துத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும்.

இனி ஆண்டுக்கணக்கு. நடுத்தர அகல டிகாண்டர், 18 டிகிரி வெப்பம், நன்றாகப் பாதுகாக்கப்பட்ட புட்டி என்று வைத்துக்கொண்டு சொல்கிறோம். 2011, 2016, 2017 போன்ற இளம் விண்டேஜ்கள் இப்போது திறக்கப்பட வேண்டியவையே அல்ல. திறந்தே ஆக வேண்டுமென்றால் முதல் நாள் இரவே ஊற்றி வைக்கலாம். 1994, 1997, 2000 ஆண்டுகளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். 1977, 1983, 1985 ஆண்டுகளுக்கு ஐந்து முதல் எட்டு. 1963, 1966, 1970க்கு நான்கு முதல் ஆறு; இவற்றில் 1970 இன்னும் கட்டுக்கோப்பாக இருப்பதால் எட்டு மணி நேரம் போனாலும் நாங்கள் பதறுவதில்லை. 1945, 1948, 1955 ஆண்டுகள் பெரும் ஆண்டுகள்தாம், ஆனால் இரண்டு மணி நேரத்திலிருந்து பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும். அதற்கும் முந்தைய 1927, 1935 போன்றவற்றுக்குக் கட்டுரையாளரின் ஒரு மணி நேரம் பொருந்தும். அங்கே நாங்களும் அவர் பக்கமே. 1975 தனி. போர்ச்சுகலில் 1974இல் நடந்த புரட்சிக்கு அடுத்த ஆண்டின் அறுவடை. மெல்லிய ஒயின், சீக்கிரமே முதிர்ந்துவிட்டது. அதை 1970இன் தம்பி என்று எண்ணி ஆறு மணி நேரம் வைத்தால் வெறும் இனிப்புத் தண்ணீர்தான் மிஞ்சும்.

ஆண்டைவிட முக்கியம் புட்டியின் நிலை. திறக்கும் முன் புட்டியை நேராக நிறுத்தி, ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கழுத்தின் அடி வரை இருந்தால் மேலே சொன்ன நேரம் பொருந்தும். தோளின் மேற்பகுதிக்கு இறங்கியிருந்தால் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். தோளின் நடுவுக்கும் கீழே போயிருந்தால், தக்கை ஏற்கெனவே பல ஆண்டுகள் காற்றை உள்ளே விட்டிருக்கிறது என்று பொருள். வண்டலைப் பிரித்தவுடன் சுவைத்துப் பார்த்து அப்போதே முடிவு செய்ய வேண்டும். 1970 அறுவடை வரை போர்ட்டைப் பீப்பாயாகவே பிரிட்டனுக்குக் கப்பலில் அனுப்பி, அங்குள்ள ஒயின் வணிகர்கள் புட்டியில் அடைக்கும் வழக்கமும் இருந்தது. 1975 அறுவடையிலிருந்து எல்லாம் போர்ச்சுகலிலேயே அடைக்கப்படுகின்றன. அதனால் 1963இல் ஒரே நிறுவனத்தின் பெயர் தாங்கிய இரண்டு புட்டிகள் வேறு வேறு கைகளால், வேறு வேறு தக்கைகளால் அடைக்கப்பட்டிருக்கலாம். ஒன்றைப் பார்த்து மற்றொன்றின் நேரத்தை முடிவு செய்யக் கூடாது.

நேரத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் வண்டலைச் சுத்தமாகப் பிரிக்காவிட்டால் எல்லாம் வீண். வண்டல் கலந்த போர்ட்டை எத்தனை மணி நேரம் காற்றாட வைத்தாலும் கசப்பும் மண்தன்மையும் போகாது. பலர் நீண்ட டிகாண்டிங் பயனற்றது என்று சொல்வதற்குக் கலங்கிய ஒயினே காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறோம். படுக்கையாக இருந்த புட்டியைக் குறைந்தது இரண்டு நாள் நேராக நிறுத்த வேண்டும். கூரியரிலோ விமானத்திலோ வந்ததென்றால் இரண்டு மூன்று வாரம் தொடாமல் வைப்பது நல்லது, ஏனெனில் கெட்டியான அடைவண்டல் தூளாக உடைந்துவிட்டால் அது மீண்டும் கட்டியாவதில்லை. மெல்ல அடியில் இறங்கத்தான் முடியும். பழைய புட்டிகளில் வெள்ளைச் சுண்ணாம்புத் தீற்று ஒன்று இருக்கும். பாதாள அறையில் படுத்திருந்தபோது மேற்பக்கம் எது என்பதற்கான அடையாளம் அது. ஊற்றும்போதும் அந்தத் தீற்றை மேலே பார்த்தபடி பிடித்தால், எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வண்டல் அசையாமல் கிடக்கும்.

ஊற்றுவது ஒரே மூச்சில் நடக்க வேண்டும். கழுத்தும் தோளும் சேரும் இடத்துக்குக் கீழே சிறு டார்ச்சையோ மெழுகுவத்தியையோ வைத்து, மெல்லிய தாரையாக, மூன்று நான்கு நிமிடத்தில் ஊற்றி முடிக்கலாம். நடுவில் புட்டியை நிமிர்த்தக் கூடாது. நிமிர்த்தினால் உள்ளே எழும் அலை வண்டலைக் கிளறிவிடும், பிறகு அரை மணி நேரம் காத்திருந்தாலும் தெளியாது. கரிய இழை போல வண்டல் தோளை எட்டியதும் நிறுத்திவிட வேண்டும். 40 முதல் 75 மில்லிலிட்டர் வரை புட்டியில் மிஞ்சும். அதை இழப்பாக எண்ண வேண்டாம். வடிப்பதற்கு நுண்ணிய எஃகு வலை உள்ள புனலும், அதற்குள் ஒற்றையாக விரித்த மஸ்லின் துணியும் போதும். துணியைச் சோப்பில் துவைத்திருந்தால் அந்த வாசனை அப்படியே ஒயினில் இறங்கும். வெந்நீரில் மட்டும் பல முறை அலசி, கடைசியாக ஒரு முறை பிழிந்து உதறிப் பயன்படுத்த வேண்டும். காபி வடிதாள் எங்களுக்கு உடன்பாடில்லை. தாளின் வாடை ஏறுகிறது, ஓட்டமும் தடைப்படுகிறது. அடியில் மிஞ்சியதைச் சமையலுக்கு மீட்க வேண்டுமானால், தாளை வெந்நீரில் நனைத்துவிட்டு அதன் வழியே இறக்கலாம். டிகாண்டருக்கும் இதே விதிதான்: சோப்பு வேண்டாம், வெந்நீர் மட்டும், தலைகீழாகக் கவிழ்த்து முழுக்க உலர வைக்க வேண்டும். அலமாரியில் மூடி வைத்திருந்த டிகாண்டரில் பழைய மர வாடை இருக்கும். ஊற்றும் முன் மோந்து பார்க்கத் தவறக் கூடாது.

தக்கை தனிப் பிரச்சினை. போர்ட் புட்டியின் கழுத்து நடுவில் சற்று உப்பியிருக்கும். நீளமான தக்கை அந்த உப்பலுக்குள் விரிந்து உட்கார்ந்துவிடுவதால், இழுக்கும்போது நடுவில் முறியும். ஐம்பது ஆண்டு ஊறிய தக்கைக்குச் சாதாரணத் திருகு ஏற்றதல்ல. இரண்டு தகடுகளைப் பக்கவாட்டில் இறக்கி, நடுவில் திருகும் சேர்ந்து பிடிக்கும் கருவி ஓரளவு காப்பாற்றும். உறுதியான வழி போர்ட் இடுக்கிதான். இடுக்கியின் வளையத்தைச் சிவக்கக் காய்ச்சி, தக்கையின் அடிமட்டத்துக்குக் கீழே கழுத்தைச் சுற்றிச் சுமார் ஒரு நிமிடம் பிடித்து, எடுத்தவுடன் ஐஸ் நீரில் நனைத்த துணியையோ தூரிகையையோ அதே இடத்தில் வைத்தால், கண்ணாடி வட்டமாக விண்டு தக்கையோடு கழன்று வரும். புட்டி நேராக நிற்க வேண்டும், ஒயின் அந்த மட்டத்தைத் தொடக் கூடாது. வளையம் போதிய அளவு சிவக்காவிட்டால் விரிசல் கோணலாக ஓடும். கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இல்லாமல் யாரும் இதைச் செய்ய வேண்டாம். வெட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த முறையில் திறந்ததை மஸ்லின் வழியாக வடித்தே ஆக வேண்டும்.

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஐரோப்பிய நூல்களில் அறை வெப்பம் என்றால் 16 முதல் 18 டிகிரி. நம் ஊர்களில் 30 டிகிரிக்கு மேல் இருக்கும் அறையில் டிகாண்டரை ஆறு மணி நேரம் வைத்தால், நாங்கள் சொன்ன எந்தக் கணக்கும் நிற்காது. பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. அதோடு சாராய நெடி மேலெழுந்து மற்ற மணங்களை மூடிவிடும். குளிர்சாதனம் ஓடும் அறையில் 20 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் முதல் அரை மணி நேரம் வெளியில் திறந்து வைத்து அடைந்த வாடையைப் போகவிட்டு, பிறகு டிகாண்டரின் வாயைத் தளர்வாக மூடி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம். பரிமாறுவதற்கு நாற்பது நிமிடம் முன் வெளியே எடுத்தால் போதும். மூடாமல் வைத்தால் பக்கத்தில் உள்ள வெங்காயமும் மீனும் ஒயினுக்குள் ஏறிவிடும். குளிரில் எல்லாமே மெதுவாக நடக்கும் என்பதால் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

நீண்ட நேரம் வைப்பதால் குணமாகாத குறைகளும் உண்டு. ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அது தக்கையிலிருந்து ஒயினுக்கு ஏறிய கேடு. காற்றில் வைக்க வைக்க அது இன்னும் தெளிவாகத்தான் தெரியும். நகப்பூச்சு போன்ற வாடை லேசாக இருந்தால் முதல் மணி நேரத்தில் ஓரளவு குறையும், ஆனால் அடியில் உள்ள வினிகர்ப் புளிப்பு எங்கும் போகாது. வெயிலிலோ சூடான கிடங்கிலோ கிடந்து வெந்த ஒயினுக்கும் மீட்பு இல்லை. இப்படிப்பட்ட புட்டிகளில் நேரத்தை வீணாக்காமல் அடுத்ததைத் திறப்பதே மேல். இதற்காகத்தான் ஊற்றும்போதே 20 மில்லிலிட்டர் தனியே எடுத்துச் சுவைத்துவிட வேண்டும் என்கிறோம். பிறகு மணிக்கு ஒரு முறை அதே அளவு, அதே கோப்பையில். மணமும், விழுங்கிய பிறகு சுவை வாயில் நிற்கும் நேரமும் வளர்ந்துகொண்டிருக்கும் வரை விட்டுவிடலாம். அடுத்தடுத்த இரண்டு முறை மாற்றம் தெரியாவிட்டால் அடைப்பானைப் போட்டுக் குளிரான இடத்துக்கு மாற்ற வேண்டும். அடிபட்ட ஆப்பிளோ புளிப்போ தலைகாட்டினால் அந்த நிமிடமே பரிமாறிவிட வேண்டும்.

கட்டுரையில் இன்னொரு குழப்பமும் இருந்தது. 1970 என்று ஆண்டு போட்ட கொல்யெய்ட்டா போர்ட்டையும் 1970 விண்டேஜ் போர்ட்டையும் ஒன்றாகப் பேசியிருக்கிறார்கள். கொல்யெய்ட்டா என்பது ஒரே ஆண்டின் அறுவடையைக் குறைந்தது ஏழு ஆண்டு மரப் பீப்பாயில் வைத்து முதிரச் செய்தது. பல நிறுவனங்கள் இருபது, முப்பது ஆண்டுகள்கூட வைத்திருக்கும். அறுவடை ஆண்டோடு புட்டியில் அடைத்த ஆண்டும் அதன் சீட்டில் இருக்கும். மரத்தின் வழியே காற்றோடு பழகிவிட்ட ஒயின் அது. வண்டல் இல்லை, நீண்ட டிகாண்டிங்கும் தேவையில்லை. பத்து ஆண்டு, இருபது ஆண்டு என்று வயது போட்ட, மரப் பீப்பாயில் முதிர்ந்த டானி வகைகளும் அப்படியே. மேலே பிளாஸ்டிக் குல்லாய் வைத்த குட்டைத் தக்கையைக் கையாலேயே கழற்ற முடிந்தால், பெரும்பாலும் அந்தப் புட்டிக்கு டிகாண்டரே வேண்டாம். கோவாவிலிருந்து போர்ட் என்ற பெயரில் நம் ஊர்க் கடைகளுக்கு வரும் இனிப்பு ஒயினுக்கும் இந்தக் கடிதத்துக்கும் தொடர்பு இல்லை. டோரோவில் விளைந்து, அந்த வட்டாரத்து ஒயின் நிறுவனத்தின் முத்திரைத்தாள் ஒட்டிய விண்டேஜ் போர்ட் பற்றி மட்டுமே பேசுகிறோம்.

புட்டியை வேறு வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியிருந்தால், வண்டலோடு காரில் ஏற்றக் கூடாது. வீட்டிலேயே டிகாண்டரில் ஊற்றி, புட்டியைக் குளிர்ந்த நீரால் வண்டல் போகும்வரை அலசி, நீர் வடிய விட்டு, ஒயினைத் திரும்பப் புட்டியிலேயே நிரப்பி அடைத்துக்கொள்ளலாம். இரண்டு முறை ஊற்றுவதே கொஞ்சம் காற்றாட்டம். அடைத்த பிறகு மாற்றம் கிட்டத்தட்ட நின்றுவிடும் என்பதால், போகும் முன் டிகாண்டரில் இரண்டு மணி நேரம் விட்டுவைத்து, மீதி நேரத்தை அங்கே போய்க் கொடுக்கலாம்.

ஈயம் கலந்த பழைய கிரிஸ்டல் டிகாண்டர் அழகானது. மாலை முழுவதும் ஒயின் அதில் இருப்பதால் பெரிய கெடுதல் இல்லை. மிச்சத்தை அதில் நாள்கணக்கில் வைக்கக் கூடாது. 1991இல் வெளியான ஓர் ஆய்வில், ஈயக் கிரிஸ்டலில் நான்கு மாதம் வைத்த போர்ட்டில் ஈயத்தின் அளவு லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மைக்ரோகிராமாக ஏறியிருந்தது. மிஞ்சியதைச் சிறிய, சுத்தமான கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை நிரப்பி, ஃபிரிட்ஜில் வைத்தால் திடமான 1970களின் ஒயின் மறுநாளும் நன்றாகவே இருக்கும், இரண்டாம் நாளிலிருந்து இறங்கும். 1994, 2000 போன்றவை மூன்று நான்கு நாள் தாங்கும்.

இரவு எட்டு மணிக்கு விருந்து, பத்து மணிக்குப் போர்ட் என்று வைத்துக்கொள்வோம். புட்டி 1970, மட்டம் கழுத்தடியில். வியாழக்கிழமை நேராக நிறுத்தி, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நடுத்தர அகல டிகாண்டரில் ஊற்றிச் சுவைத்துப் பார்க்க வேண்டும். ஆறு மணிக்கு மந்தமாக இருந்தால் கலங்க வேண்டாம். எட்டு மணிக்குச் சுவைக்கும்போது திறந்துகொண்டு வந்திருந்தால் அடைப்பானைப் போட்டு 16 டிகிரியில் வைக்க வேண்டும். இன்னும் இறுக்கமாக இருந்தால் திறந்தே விட வேண்டும். பத்து மணிக்கு, பெரிய சிவப்பு ஒயின் கோப்பையில் 60 மில்லிலிட்டர் வீதம் ஊற்றினால், வண்டலோடு மிஞ்சியதும் சுவைத்துப் பார்த்ததும் போக, ஒன்பது பத்துப் பேருக்கு வரும்.

இப்படிக்கு,
உணவகங்களில் ஒயின் பொறுப்பில் பணிபுரியும் வாசகர்கள் இருவர்,
லண்டன்.